பிரான்சின் ‘ஜூன்’ நாணயம்: பயன்படுத்த நினைப்போருக்கு ஒரு மதிப்புரை, தாங்கி நிற்போருக்கு ஒரு நன்றி

பிரான்சில் ‘ஜூன்’ என்று ஒரு நாணயம் புழங்குகிறது. மாதத்தின் பெயர் இல்லை. ‘ஜி’ எழுத்தின் தலையில் ஒரு பிறை, பக்கத்தில் ஒன்று என்ற எண். இரண்டையும் பிரெஞ்சு வாயில் சேர்த்துச் சொன்னால் ‘ஜூன்’ என்று காதில் விழும். 2017 மார்ச் 8 அன்று 59 உறுப்பினர்களோடு தொடங்கி இன்று பல ஆயிரம் பேர் கையில் இருக்கிறது. நோட்டு, சில்லறை, வங்கி, தலைமை அலுவலகம் எதுவும் கிடையாது. ‘டூனிட்டர்’ என்ற திறந்த மூல மென்பொருள் கணக்கேட்டை நடத்துகிறது. அந்த ஏட்டைப் பார்க்கவும் பணம் அனுப்பவும் பெரும்பாலோர் வைத்திருக்கும் செயலி ‘சீசியம்’.

இங்கே வரும் விதிகளும் எண்களும் டூனிட்டரின் முதல் பதிப்புக்கானவை. சப்ஸ்ட்ரேட் என்ற அடித்தளத்தின் மேல் எழுதப்பட்ட இரண்டாம் பதிப்பில் கணக்குத் திறக்கும் முறையும் பிளாக் (கணக்கேட்டில் அடுத்தடுத்துச் சேரும் பக்கம்) எழுதும் முறையும் மாறுகின்றன. மனிதர்கள் ஒருவருக்கொருவர் சான்று கொடுக்கும் அடிப்படை அங்கேயும் அதேதான்.

இந்தச் சேவையை மதிப்பிட வேண்டுமானால் செயலியை மட்டும் பார்த்துப் பயனில்லை. பிட்காயினில் கணினி ஓட்டுபவருக்கு நாணயமே கூலியாகக் கிடைக்கிறது. ஜூனில் பிளாக் எழுதுபவருக்கு விதிப்படி ஒரு காசும் கிடையாது. சான்று கொடுப்பவருக்கும் கிடையாது, சந்தைக்கு மேசை போடுபவருக்கும் கிடையாது, புதிதாக வந்தவரின் அதே கேள்விக்கு நூறாவது முறை பொறுமையாகப் பதில் சொல்பவருக்கும் கிடையாது. அனுப்பும் பணத்துக்குக் கட்டணமும் பிடிப்பதில்லை. இத்தனையும் யாரோ சிலர் தம் நேரத்தையும் மின்சாரத்தையும் கொடுப்பதால் நடக்கிறது. ஆகவே நன்றியோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எதற்கு நன்றி என்பது, வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் புரியும்.

பணம் எங்கே பிறக்கிறது

யூரோவிலும் ரூபாயிலும் பணத்தின் பெரும்பகுதி வங்கி கடன் கொடுக்கும்போது பிறக்கிறது. பிட்காயின் சுரங்கம் தோண்டுபவருக்குப் பிறக்கிறது. அங்கே முந்தி வந்தவர்கள் அள்ளியது அதிகம். ஜூனோ, உறுப்பினர் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் பிறக்கிறது. பிரான்சில் நண்பகல் தாண்டியதும் அன்றைய தொகை வந்து சேரும். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘தே யூ’ என்கிறார்கள். நாம் தினப்பங்கு என்போம். பிரதமரே உறுப்பினர் ஆனாலும், தோட்டக்காரர் உறுப்பினர் ஆனாலும் தினப்பங்கு ஒன்றுதான். ஸ்தெஃபான் லபோர்த் 2010இல் முன்வைத்த பணக் கோட்பாடுதான் இதன் வேர்.

முதல் நாள் தினப்பங்கு 10 ஜூன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டி அது மறுபடி கணக்கிடப்படும். கணக்கு சின்னதுதான். 4.88 சதவீதத்தின் வர்க்கத்தைத் தலைக்குச் சராசரியாக இருக்கும் பணத்தால் பெருக்கி 182.625ஆல் வகுத்தால், அடுத்த அரையாண்டுக்குத் தினப்பங்கில் எவ்வளவு கூடும் என்று வரும். தலைக்குச் சராசரி 5,000 ஜூன் என்று வைத்துக்கொண்டால் கூடுவது 0.065 ஜூன். புது ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் காலத்தில் தினப்பங்கு இப்படி ஆமை வேகத்தில்தான் ஏறும்.

அரையாண்டுக்கு 4.88 என்றால் ஆண்டுக்குப் பத்து சதவீதம். மனித ஆயுளை எண்பது ஆண்டாக எடுத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுக்குள் முன்னே வந்தவரும் பின்னே வந்தவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வரும்படி வைத்த எண் அது. உறுப்பினர் எண்ணிக்கை நிலைபெற்று, பணமும் தன் முழு அளவை எட்டிய பிறகு தலைக்குச் சராசரி சுமார் 3,742 தினப்பங்கு இருக்கும். அந்த நிலையில் 10,000 தினப்பங்கைச் செலவழிக்காமல் பூட்டி வைத்திருப்பவர் ஓராண்டு கழித்து, புதிதாக வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 9,440இல் இருப்பார். வெறுங்கையோடு சேர்ந்தவர் சுமார் 350க்கு வந்திருப்பார். சராசரியில் இருந்தவர் அங்கேயே இருப்பார். யார் கணக்கிலிருந்தும் ஒரு ஜூனைக்கூட யாரும் எடுப்பதில்லை. அளவுகோல் நீள்வதால் குவியல் சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவே.

விலை சொல்லும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். ‘இந்த ஜாம் 20 ஜூன்’ என்று எழுதி வைத்தால் சில ஆண்டுகளில் அந்த விலை மெல்லப் பழசாகும். ‘இரண்டு தினப்பங்கு’ என்று எழுதினால் காலத்துக்கும் அதே பொருள். சீசியத்தின் அமைப்புகளில் தொகையைத் தினப்பங்காகவே காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆரம்பத்தில் தடுமாற்றமாக இருந்தாலும் பழகிவிடும்.

கணக்குத் திறக்கையில்

எடுத்த எடுப்பில் உறுப்பினர் கணக்குத் திறக்க வேண்டாம். முதலில் தினப்பங்கு வராத சாதாரணப் பணப்பை ஒன்றைத் திறந்து, எதையாவது விற்று நாலு ஜூன் சம்பாதித்து, அனுப்பி வாங்கிப் பழகிய பிறகு அதே பணப்பையை உறுப்பினர் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். சீசியம் அதற்கு வழி வைத்திருக்கிறது.

திறக்கும்போது இரண்டு ரகசியங்கள் கேட்கும்: ஒரு ரகசிய அடையாளம், ஒரு கடவுச்சொல். இவை எந்தச் சர்வரிலும் சேமிக்கப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் உங்கள் சாவி உருவாகிறது. இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வங்கிச் செயலியில் தப்பாகத் தட்டினால் ‘கடவுச்சொல் தவறு’ என்று வரும். இங்கே அப்படி வராது. ஓர் எழுத்து மாறினாலும் வேறொரு சாவி பிறந்து, பூஜ்யம் இருப்புடன் வேறொரு கணக்கு அமைதியாகத் திறந்துகொள்ளும். பணமெல்லாம் போய்விட்டது என்று பதறுவோரில் பலருக்கு நடந்தது இதுதான். கைபேசி முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கும், அல்லது சொல் பரிந்துரையைத் தொட்டபோது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பொதுச் சாவியின் (கணக்கின் முகவரியாக எல்லோரும் பார்க்கும் எழுத்துத் தொடர்) முதல் எட்டு எழுத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். உள்ளே போனதும் அது பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும், பதற்றம் இல்லை.

ரகசியங்களை மறந்துவிட்டால் மீட்க ஆளில்லை. கணக்கைத் திறந்து பத்து நிமிடத்துக்குள், பணம் ஏதும் வருமுன்பே, வெளியேறி மீண்டும் உள்ளே நுழைந்து பாருங்கள். தாளில் எழுதியதைப் பார்த்துத் தட்டித்தான் நுழைய வேண்டும், நினைவிலிருந்து வேண்டாம். தப்பாக எழுதியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

உறுப்பினர் கணக்கென்றால் இன்னொரு வேலையும் உண்டு: ரத்து ஆவணம். சீசியத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சின்ன எழுத்துக் கோப்பு அது. கடவுச்சொல் தொலைந்தால், பழைய அடையாளத்தை உடனே முடித்துவிட்டுப் புதிதாகச் சேர அது ஒன்றுதான் வழி. ஒருவருக்கு ஓர் உறுப்பினர் கணக்கு என்பதால், பழையதை ரத்து செய்யாமல் புதியதற்குச் சான்று வாங்கக் கூடாது. ஒரு பென்டிரைவிலும், அச்சிட்டு ஒரு கோப்பிலும் வைத்திருங்கள். அதைக் கைபேசியில் மட்டும் வைத்திருந்தால், கைபேசி தொலையும் நாளில் கடவுச்சொல்லோடு சேர்ந்து அதுவும் போகும்.

ஐந்து சான்றுகள்

உறுப்பினராக ஐந்து உறுப்பினர்களின் சான்று வேண்டும். இதைக் கடன் ஜாமீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் பணம் தராவிட்டால் அவர் கட்ட வேண்டியதில்லை. அவர் சொல்வது ஒன்றே ஒன்று: ‘இவர் உயிரோடு இருக்கும் ஒரு மனிதர், இவரை எனக்குத் தெரியும், இவருக்கு வேறு உறுப்பினர் கணக்கு இல்லை.’ கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் பொய் அடையாளம் ஒன்று உள்ளே வந்தால் தினம் ஒரு பங்கு அதிகமாகப் பிறக்கும், அந்தச் சுமை எல்லோர் தலையிலும் விழும். கடவுச்சொல்லைவிட இந்த நாணயத்துக்குப் பெரிய காவல் சான்று தருபவர்களின் கறார்தான்.

நல்ல சான்றாளர் எப்படி நடந்துகொள்வார் என்பதை, உறுப்பினராகச் சேருபவர் ஏற்க வேண்டிய உரிமப் பத்திரமே சொல்லிவைத்திருக்கிறது. சந்தையில் ஒருமுறை கை குலுக்கியதற்காகச் சான்று கொடுக்க மாட்டார். உங்களைத் தொடர்புகொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் அவரிடம் இருக்கும்: முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், உங்கள் இருவரையும் அறிந்த இன்னொருவர். உரிமத்தைப் படித்தீர்களா என்று கேட்பார். ரத்து ஆவணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். பிறகு உங்கள் கணக்குக்கு ஒரு சிறு தொகையை அனுப்பி, அதைத் திருப்பி அனுப்பச் சொல்வார். திரும்பி வந்தால்தான் சாவி உங்கள் கையில் இருப்பது உறுதி. இவ்வளவும் முடிந்த பின்தான் பொத்தானை அழுத்துவார். இப்படி ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டால் எரிச்சல் வேண்டாம். இந்தச் சமூகத்தில் முதல் நன்றிக்கு உரியவர் அவர்தான். எதுவும் கேட்காமல் சான்று அள்ளி விடுபவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சேரும்போது தடுக்கி விழும் இடங்கள் மூன்று. சான்று எண்ணிக்கை சரியாக இருந்தும் ‘ஏன் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை’ என்று கேட்போருக்கு விடை பெரும்பாலும் இவற்றில் ஒன்றில் இருக்கும்.

முதலாவது ஐந்து நாள் விதி. ஓர் உறுப்பினரின் சான்றுகளில் ஐந்து நாளுக்கு ஒன்றுதான் ஏட்டில் ஏறும். அவர் ஒரே மாலையில் நாலு பேருக்குப் பொத்தானை அழுத்தியிருந்தால் நாலும் காத்திருப்பில் கிடக்கும். அந்தக் காத்திருப்பு இடத்தை பிரெஞ்சுக்காரர்கள் ‘நீச்சல்குளம்’ என்கிறார்கள். ஐந்து பேரின் சான்றும் ஒரே நேரத்தில் ஏறத் தயாராக இருந்தால்தான் புதியவர் குளத்திலிருந்து கரையேற முடியும். அதில் ஒருவர் நேற்றுதான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார் என்றால் மற்ற நால்வரும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே ஐந்து பேரையும் முன்கூட்டியே பேசி, வரிசையில் வேறு யாரும் இல்லாத வாரமாகப் பார்த்து வாங்குவது நல்லது. சான்றாளர்களும் ‘எனக்கு முன்னே இன்னும் இருவர் இருக்கிறார்கள்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டாவது இரண்டு மாதக் கெடு. குளத்தில் விழுந்த விண்ணப்பமும் சான்றும் இரண்டு மாதத்துக்குள் ஏட்டில் ஏறாவிட்டால் காலாவதியாகும். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் சான்றை ஜனவரியில் வாங்கி, ஐந்தாவது ஆளை ஏப்ரலில் தேடினால் முதல் சான்று அதற்குள் கரைந்திருக்கும். ஐந்து பேர் உறுதியாகும் வரை உறுப்பினர் விண்ணப்பத்தை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவதுதான் பலருக்குப் புரியாதது: தூர விதி. சான்றுச் சங்கிலியில் ஐந்து படிக்குள், மேற்கோள் உறுப்பினர்களில் 80 சதவீதம் பேர் உங்களை எட்ட வேண்டும். மேற்கோள் உறுப்பினர் என்றால் போதுமான சான்று கொடுத்தும் வாங்கியும் இருப்பவர். அந்தப் ‘போதுமான’ என்பது மொத்த உறுப்பினர் எண்ணிக்கையின் ஐந்தாம் படிமூலம், மேல்நோக்கி முழு எண்ணாக்கியது. உறுப்பினர் 1,024ஐத் தாண்டி 3,125 வரை ஐந்து, அதைத் தாண்டினால் 7,776 வரை ஆறு. ஒரே கிராமத்தில், ஒரே நட்பு வட்டத்தில் ஐந்து பேரிடம் வாங்கினால் சான்று ஐந்து இருக்கும், வெளி உலகத்தோடு இணைப்பு இருக்காது. விண்ணப்பம் அப்படியே நிற்கும். ஆறாவது, ஏழாவது என்று அதே வட்டத்தில் சேர்ப்பதில் பயனில்லை. பல ஊர்ச் சந்தைகளுக்குப் போய்வரும், பல பக்கமும் தொடர்புள்ள ஒருவரின் ஒரே சான்று பெரும்பாலும் தடையை உடைத்துவிடும். ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாத வட்டங்களோடு பழகி, நேரமெடுத்து அறிந்து, பாலம் போல நிற்பவர்கள் சிலர் ஒவ்வொரு பகுதியிலும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் இந்த வலை தனித்தனித் துண்டாகப் போயிருக்கும்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு பணப்பை திறக்கலாம், ஜூன் வாங்கலாம், அனுப்பலாம். உறுப்பினராவது கடினம், நம்மை அறிந்த ஐந்து உறுப்பினர்கள் வேண்டுமே. பிரான்சில் வாழும் தமிழர்களுக்கு வழி எளிது, அதிலும் துலூஸ் பக்கத்துத் தென்மேற்குப் பகுதிகளில்.

சேர்ந்த பிறகு இரண்டு கெடுக்களை மறக்கக் கூடாது. உறுப்பினர் நிலையை ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே ஒரு சொடுக்கில் புதுப்பிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்த சான்று ஒவ்வொன்றின் ஆயுள் இரண்டு ஆண்டு. செல்லுபடியாகும் சான்று ஐந்துக்குக் கீழே இறங்கினால் தினப்பங்கு நிற்கும். இருப்பு அப்படியே இருக்கும், செலவழிக்கலாம். ஆனால் நின்ற நாட்களின் பங்கு திரும்பி வராது. புதுப்பிக்காமல் இன்னும் ஓராண்டு விட்டால் அடையாளமே நிரந்தரமாக ரத்தாகிவிடும். ஐந்தோடு நிறுத்தாமல் எட்டோ பத்தோ சான்று சேர்த்து வைத்திருப்பது காப்பு. நீங்கள் கொடுக்கக்கூடிய சான்று ஒரே சமயத்தில் நூறு வரை, ஆகவே கஞ்சத்தனமும் வேண்டாம், வாரி இறைக்கவும் வேண்டாம்.

சந்தை மேசை

ஜூனின் உயிர் சந்தையில் இருக்கிறது. ‘ஜிமார்ஷே’ என்ற இந்தச் சிறு கூடல்கள் ஏதாவது ஊர் மண்டபத்திலோ தோப்பிலோ நடக்கும். மடக்கு மேசை ஒன்று, அதன் மேல் துணி. ஒரு பக்கம் அத்திப்பழ ஜாம் பாட்டில்கள், மூடியில் பேனாவால் ‘1 தே யூ’ என்று எழுதியிருக்கும். பக்கத்தில் வீட்டில் செய்த சோப்பு, காகிதப் பொட்டலத்தில் தக்காளி விதை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சின்னதாகிப்போன சட்டைகள். மேசை முனையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கியூஆர் தாள்; காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு கூழாங்கல். வாங்குபவர் அதை வருடிப் படித்து, தொகை தட்டி அனுப்புகிறார்.

தாளில் கியூஆரின் கீழே கணக்கின் பெயரையும் சாவியின் முதல் எட்டு எழுத்தையும் பெரிதாக எழுதி வையுங்கள். அனுப்புபவர் தம் திரையில் சரிபார்க்க அது வேண்டும். தவறான கணக்குக்குப் போன பணத்தை மீட்டுத்தர அலுவலகம் கிடையாது. சந்தைக்கு உறுப்பினர் கணக்கை எடுத்துப் போக வேண்டாம். தனியாக ஒரு பணப்பை திறந்து, அதில் ஐம்பதோ நூறோ ஜூன் மட்டும் போட்டு வைத்திருந்தால் அடுத்தவர் கைபேசியில் ரகசியம் தட்ட நேர்ந்தாலும் இழப்பு சிறிது. பணப்பையில் சில்லறை பாக்கி விடக் கூடாது: 1 ஜூனுக்குக் கீழே இருப்பு இறங்கினால் அந்த மிச்சத்தை நெறிமுறையே அழித்துவிடும்.

கிராமப்புறங்களில் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், பொருள், தொகை, சாவியின் எழுத்துகளைக் குறித்துக்கொண்டு இரவு வீட்டிலிருந்து அனுப்பலாம். பார்க்க நம் ஊர் மொய் நோட்டு மாதிரியே இருக்கும்.

அனுப்பியதும் பணம் உடனே ‘ஏறிவிட்டது’ என்று எண்ண வேண்டாம். பிளாக் சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. அதில் எழுதப்படும் வரை பரிமாற்றம் காத்திருப்பில்தான். அதற்குள் மறுபடி அனுப்பிவிட்டு இரட்டிப்பாகப் போய்விட்டதென்று வருந்துவோர் உண்டு. தெரிந்தவர்களுக்குள் காத்திருக்கத் தேவையில்லை. விலை உயர்ந்த பொருளென்றால் பிளாக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கொடுப்பது முறை.

ஒவ்வொரு சந்தைக்கும் பின்னால் மண்டபம் பேசியவர், சாவி வாங்கி வந்தவர், புதியவர்களுக்கென்று ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குத் திறக்கக் கற்றுக்கொடுத்தவர், கடைசியில் தரை பெருக்கியவர் இருக்கிறார்கள். ‘ஜீசேஞ்ச்’ என்ற விளம்பரத் தளம் சந்தைக்கு இடைப்பட்ட நாட்களில் வாங்குவோரையும் விற்போரையும் சேர்க்கிறது. அதையும் சிலர் தம் செலவில்தான் தொடங்கி நடத்தினார்கள்.

கிடைக்காதவை எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைவினைப் பொருள், செடி, தேன், பழைய புத்தகம், தங்க ஓர் அறை, மசாஜ், இசை வகுப்பு இவையெல்லாம் தாராளம். மாவு, எண்ணெய், பால்கட்டி போன்ற அன்றாட உணவு அரிது. காரணம் எளிது: விவசாயி டீசலுக்கும் உரத்துக்கும் யூரோவில் கட்டுகிறார். அவரிடம் குவியும் ஜூனைச் செலவழிக்க அவருக்குத் தேவையான பொருள் சந்தையில் இல்லை. பாதி யூரோ, பாதி ஜூன் என்று விற்க முன்வரும் விளைவிப்பாளர் ஒருவர் கிடைத்தால், அவர் பண்ணையில் களை எடுக்க, கொட்டகை கட்ட, கணக்கு எழுத உதவி செய்து ஜூன் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் கையில் சேர்ந்த ஜூனுக்கு அப்போதுதான் ஒரு வழி பிறக்கும். யூரோவுக்கு இவ்வளவு என்று அதிகாரபூர்வ மாற்று விகிதம் கிடையாது. விற்பவர் சொல்வதுதான் விலை. அதனால் ஒரே சோப்புக்கு இரண்டு மேசையில் இரண்டு விலை இருக்கும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

சர்வர் ஓட்டுபவர்கள்

பிளாக் எழுத உறுப்பினராக இருக்க வேண்டும். வெளியாள் எவ்வளவு பெரிய கணினி வைத்திருந்தாலும் முடியாது. உறுப்பினர்களுக்குள்ளும் ஒருவர் பிளாக் எழுதியவுடன் அவருக்கு மட்டும், பிளாக் எழுதக் கணினி விடுவிக்க வேண்டிய கணக்குப் புதிர் கடினமாகிவிடும். மற்றவர்கள் எழுத எழுத மறுபடி இலகுவாகும். முறை வைத்து எல்லோருக்கும் வாய்ப்பு வரும்படியான ஏற்பாடு. அதனால்தான் ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவு கணினியும் இதில் பங்கேற்க முடிகிறது, மின்சாரமும் கொஞ்சம்தான் பிடிக்கிறது.

நோடு (ஏட்டின் நகலை வைத்து வலையில் இயங்கும் கணினி) ஓட்ட விரும்புவோர் டூனிட்டர் பொதியை நிறுவி, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நோடிலிருந்து முழு ஏட்டையும் ஒத்திசைத்து, தம் உறுப்பினர் சாவியைக் கொடுத்து, ரூட்டரில் போர்ட் திறந்துவிட வேண்டும். வீட்டிலேயே சர்வர் நடத்த உதவும் யூனோஹோஸ்ட் மென்பொருள் வைத்திருப்போருக்கு இன்னும் எளிது. கெட்டுப்போவது பெரும்பாலும் மெமரி கார்டு. ஓயாமல் எழுதி எழுதி அது தேய்ந்துவிடும். சிறிய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுங்கள். திடீர் மின்வெட்டில் தரவுத்தளம் சிதைந்தால் பழுது பார்த்துக்கொண்டிருப்பதைவிட மறுபடி ஒத்திசைப்பதே விரைவு.

பயனர் பக்கம் அதிகம் வரும் புகார் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஏட்டில் ஏறியது எல்லா நோடிலும் ஒன்றே. ஆனால் குளத்தில் இருப்பது நோடுக்கு நோடு வேறுபடும். ஒருவர் திரையில் நாலு சான்று, இன்னொருவர் திரையில் ஐந்து. பணம் அனுப்பியதே சில சமயம் தெரியாது. சீசியத்தின் அமைப்புகளில் நோடை மாற்றிப் பாருங்கள். பல சமயம் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் சான்றளித்தவரிடம் எந்த நோடில் இருந்து கொடுத்தார் என்று கேட்டு அதே நோடுக்குப் போங்கள். சாதாரண மனிதருக்கு இது தலைவலிதான். முதல் பதிப்பின் மிகப் பெரிய குறை இதுவே.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. எல்லாப் பரிமாற்றமும் பொதுவெளியில் இருக்கும்; யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார், குறிப்பில் என்ன எழுதினார் என்று எவரும் பார்க்கலாம். மருத்துவம், குடும்பச் சங்கதி எதையும் குறிப்பில் எழுதாதீர்கள். அடுத்தது மொழி. செயலி எஸ்பெராந்தோ உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது, மொழிபெயர்த்த தன்னார்வலர்களுக்குப் புண்ணியம். ஆனால் விளக்கமும் உதவியும் முழுமையாக இருப்பது பிரெஞ்சில்தான்.

நன்றியை எப்படிச் செலுத்துவது

சான்றாளருக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது சான்றின் மதிப்பையே குலைக்கும். அவர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் இன்னொருவருக்கு அதே கறாரோடு செய்யுங்கள். சந்தை நடத்துபவருக்கு அடுத்த முறை ஒரு மணி நேரம் முன்னதாக வந்து மேசை தூக்கிக் கொடுங்கள். அவர்களுக்கு மிகவும் தட்டுப்பாடான பொருள் கைகள்தான். நோடு ஓட்டுபவர்களுக்கென்று ‘ரெமுனிட்டர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. உறுப்பினர்கள் நன்கொடையாகப் போடும் ஜூனைத் திரட்டி, பிளாக் எழுதியவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பொதுப்பை அது. மாதம் இரண்டு தினப்பங்கு போட்டாலும் பயன்தான். நிரலாளர்களின் யூரோச் செலவுக்கு ‘ஆக்சியம் டீம்’ என்ற சங்கத்தின் வழியாக உதவலாம். வீட்டு வாடகையை அவர்களால் ஜூனில் கட்ட முடியாது.

நன்கொடை அனுப்புமுன் சாவியை அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து நகலெடுங்கள். பெயரைத் தேடி வரும் முதல் கணக்குக்கு அனுப்ப வேண்டாம், ஒரே பெயரில் பணப்பை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். குறிப்புப் பெட்டி 255 எழுத்து வரை ஏற்கும், ரோமன் எழுத்து மட்டும். தமிழும் ஏறாது, பிரெஞ்சின் உச்சரிப்புக் குறியும் ஏறாது. ‘நன்றி’ என்பதை ரோமன் எழுத்தில் தட்டி அனுப்புங்கள். அது பிளாக்கில் ஏறி, ஏடு உள்ளவரை அங்கேயே இருக்கும்.